அகுஸ்தீன் ரோமான் கண்காட்சிப் பெட்டி: எடுக்கலாம், ஆனால் வரிசையை மாற்றி வையுங்கள்

குமரி மாவட்டத்தில் நீரோடி முதல் இரையுமன்துறை வரையுள்ள கடற்கரைப் பங்குகளுக்கும், கேரள எல்லைக்கு அந்தப்பக்கம் பொழியூர், பூவார், பாறசாலைப் பகுதிப் பங்குகளுக்கும் வாடகைக்குக் கிடைக்கும் கண்காட்சி இது. கியூபாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு, அமெரிக்காவின் மயாமியில் அகதிகளோடு வாழ்ந்து முடித்த ஆயர் அகுஸ்தீன் ரோமானின் வாழ்க்கையை 12 பலகைகளில் சொல்கிறார்கள். மேலே தமிழ், கீழே மலையாளம். மூன்று நாளுக்கு வாடகை 1,500 ரூபாய், முன்பணம் 2,000. வண்டிக்கூலி எடுப்பவர் பொறுப்பு.

இந்த விலைக்கு இது தாராளமாக எடுக்கக்கூடியதுதான். படங்கள் தெளிவு, வண்ணம் நன்றாகப் பதிந்திருக்கிறது, மொழி பெரும்பாலும் எளிமை. ஆனால் பெட்டியோடு வரும் தாளில் போட்டிருக்கிற வரிசைப்படியே நிறுத்தினால், அந்த மனிதர் செய்த முக்கியமான வேலை யார் கண்ணிலும் படாமல் போய்விடும். பலகைகளில் சில பிழைகளும் இருக்கின்றன. அவற்றை முன்கூட்டியே ஸ்டிக்கர் ஒட்டித் திருத்த வேண்டும்.

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பலகை ஒவ்வொன்றும் 4 அடிக்கு 3 அடி, 5 மில்லிமீட்டர் சன்போர்டு, மேலே வினைல் ஒட்டியது. ஒன்றின் எடை மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு இஞ்சு சதுரப் பைப்பில் செய்த ஸ்டாண்டு ஆறு. ஒவ்வொன்றிலும் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு பலகை பிடிக்கும். ஸ்டாண்டுக்கு நான்கு விங் நட், ஆக மொத்தம் 24. இந்த நட்டுதான் முதலில் தொலைகிறது. கையெழுத்துப் போட்டு வாங்குமுன் எண்ணிப் பாருங்கள், ஹார்டுவேர் கடையில் ஆறு நட்டு கூடுதலாக வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, மயாமியில் ரோமான் கட்டிய கோயிலின் மாதிரி ஒன்று, ஒன்றரை அடி உயரத்தில், விளக்கவுரை அடங்கிய ஒரு பென்டிரைவ். இவ்வளவையும் ஏற்றக் குட்டியானை தேவையில்லை, ஆம்னி வேன் போதும். ஆட்டோவில் ஏற்றினால் பலகையின் மூலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், வளைவில் எங்காவது தட்டினால் மூலை உடையும். சன்போர்டில் உடைந்த மூலையை ஒட்டிச் சரிசெய்ய முடியாது.

ரோமானை இங்கே அதிகம் பேருக்குத் தெரியாது என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1928 மே 5 அன்று கியூபாவின் சான் அந்தோனியோ தெ லோஸ் பாஞோஸ் என்னும் ஊரில், எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மத்தான்சாஸ் குருமடத்தில் சேர்ந்தார், கனடாவின் மொன்றியலில் படித்தார், 1959 ஜூலை 5 அன்று குருவானார். பிடல் காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்து அப்போது ஆறு மாதம். இரண்டே வருடத்தில், 1961 செப்டம்பர் 17 அன்று, ஆயர் எதுவார்தோ போசா மஸ்விதாலோடு சேர்த்து 130-க்கும் மேற்பட்ட குருக்களைக் கொவதோங்கா என்ற கப்பலில் ஏற்றி ஸ்பெயினுக்கு அனுப்பியது கியூப அரசு. ரோமான் அவர்களில் ஒருவர். அங்கிருந்து சிலி நாட்டின் தெமூகோவில் நான்கு வருடம் பணி. 1966-இல் மயாமி. 1979-இல் துணை ஆயர். அமெரிக்காவில் ஆயரான முதல் கியூபர் அவர்தான். 2003-இல் ஓய்வு பெற்றும் கோயிலை விட்டுப் போகவில்லை. 2012 ஏப்ரல் 11 மாலை, மறைக்கல்வி வகுப்பு எடுக்கப் போகும்போது அங்கேயே மாரடைப்பில் இறந்தார். வயது 83.

இப்போது பிழைகள். முதல் பலகையின் தலைப்பே ‘கம்யூனிசத்திலிருந்து தப்பி ஓடிய ஆயர்’ என்றிருக்கிறது. அவர் ஓடவில்லை, துப்பாக்கி முனையில் ஏற்றி அனுப்பப்பட்டார். அன்று அவர் ஆயரும் இல்லை, பட்டம் பெற்று இரண்டு வருடமான 33 வயதுக் குரு. இது சின்ன வித்தியாசம் இல்லை. தப்பி வந்தவன் வேறு, தன் மக்களோடு இருக்க விரும்பியும் பிடித்துத் தள்ளப்பட்டவன் வேறு. பின்னால் அவர் செய்த எல்லாவற்றுக்கும் இந்த இரண்டாவது காயம்தான் வேர். ‘நாடு கடத்தப்பட்ட குரு’ என்று வெள்ளை வினைலில் அச்சடித்து மேலே ஒட்டினால் போதும். மூன்றடி நீளத்துக்கு 60, 70 ரூபாய்க்குள் முடியும்.

நான்காம் பலகையின் வரைபடத்தில் மயாமிக்கும் ஹவானாவுக்கும் 90 மைல் என்று எழுதியிருக்கிறார்கள். 90 மைல் என்பது புளோரிடாவின் தென்கோடித் தீவான கீ வெஸ்டிலிருந்து கியூபாவுக்கு உள்ள தூரம். கிலோமீட்டரில் ஏறக்குறைய 145, திருவனந்தபுரத்திலிருந்து ஆலப்புழை வரை என்று சொன்னால் நம் ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடும். மயாமியிலிருந்து ஹவானா சுமார் 370 கிலோமீட்டர். தங்கலுக்குப் போகும் (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும்) விசைப்படகுக்காரர்கள் நிறைந்த ஊரில் கடல் தூரத்தைத் தப்பாகப் போட்டால், அடுத்த பலகையை யாரும் நம்பிப் படிக்க மாட்டார்கள்.

ஆறாம் பலகையில் ‘பேராயர் ரோமான்’ என்று இரண்டு இடத்தில் வருகிறது. அவர் கடைசிவரை துணை ஆயர்தான். 1966-இல் கோயில் கட்டச் சொன்னவர், அன்று மயாமி மறைமாவட்டத்தின் தலைமையில் இருந்த கோல்மன் கேரல். பென்டிரைவில் உள்ள விளக்கவுரை முடிவில் ‘புனித அகுஸ்தீன் ரோமானே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்ற வரி வேறு சேர்ந்திருக்கிறது. திருச்சபை அவரைப் புனிதராக அறிவிக்கவில்லை. ஒலிபெருக்கியில் போடுவதாக இருந்தால் கடைசி அரை நிமிடத்தை வெட்டிவிடுங்கள். பங்குத்தந்தை கேட்டால் கட்டாயம் நிறுத்தச் சொல்வார்.

இனி எந்தப் பலகை எங்கே என்பது. தயாரித்தவர்கள் கப்பலையும் (பலகை 4, 5) சிறைக் கலவரத்தையும் (பலகை 10) பெரிதாக்கி, நடுவில் மக்கள் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். உணர்ச்சி அங்கேதான் இருக்கிறது என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் இந்தக் கரையில் வைக்கும்போது வாசலில் முதலில் நிற்க வேண்டியது மூன்றாம் பலகை, அதன் பக்கத்தில் எட்டாம் பலகை.

மூன்றாம் பலகை, கியூபாவின் பாதுகாவலியான எல் கோப்ரே அன்பின் அன்னையின் கதை. 1612 வாக்கில் நீப்பே விரிகுடாவில் உப்பு எடுக்க ஒரு சிறு தோணியில் மூன்று பேர் போகிறார்கள். ரோட்ரிகோ, ஹுவான் என்ற பூர்வகுடிச் சகோதரர்கள், ஹுவான் மொரேனோ என்ற கறுப்பினச் சிறுவன். அலையில் மிதந்து வந்த பலகையின் மேல் ஒரு சுரூபம். ‘நான் அன்பின் கன்னி’ என்று பலகையில் எழுதியிருந்தது என்பது மரபு. வள்ளம், உப்பு, காற்று, மாதா: இவ்வளவும் ஒரே படத்தில் இருந்தால் நம் கரையில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. இந்த அன்னையின் திருநாள் செப்டம்பர் 8, அதாவது வேளாங்கண்ணித் திருநாளும் அன்றுதான். இந்தத் தகவல் பலகையில் எங்கும் இல்லை. ஒரு சிறு அட்டையில் எழுதி அடியில் குத்திவையுங்கள். இதே செப்டம்பர் 8-இல், 1961-இல், ஒரு சுரூபம் கியூபாவிலிருந்து தூதரகம் வழியாக ரகசியமாக வெளியே வந்து, மயாமியில் அகதிகள் கூடியிருந்த விளையாட்டரங்கத் திருப்பலிக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தது. ரோமான் பிறகு கட்டிய கோயிலில் இருப்பது இந்தச் சுரூபம்தான்.

எட்டாம் பலகைக்கு வருவோம். பெட்டியிலேயே மிகச் சிறந்த விஷயத்தைக் கீழ்மூலையில், 24 பாயின்ட் எழுத்தில் போட்டுக் கெடுத்திருக்கிறார்கள். ஐந்தடி தள்ளி நின்றால் படிப்பது சிரமம். விஷயம் இதுதான். கியூபாவில் அன்று 6 மாகாணங்கள், 126 நகராட்சிகள். பினார் தெல் ரியோ, ஹவானா, மத்தான்சாஸ், லாஸ் வில்லாஸ், கமகுவே, ஒரியந்தே என்று மாகாணங்களின் பெயர்களைப் பலகையில் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். மயாமியில் வேலை கிடைத்த இடத்தில், வாடகை கட்டுப்படியான இடத்தில் சிதறிக் கிடந்த மக்களை, அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்களோ அந்த ஊர் வாரியாகக் கோயிலுக்கு அழைத்தார் ரோமான். நகராட்சிக்கு ஒரு வார நாள் மாலை. மாகாணத்துக்கு ஒரு திருப்பயண நாள். ஊர்ப்பெயர் சொல்லி அழைத்தால் வராதவர் உண்டா? அந்த மாலை திருப்பலிக்கு வந்தவர், பக்கத்தில் நின்றவர் தன் தெருக்காரர் என்று கண்டுகொள்வார். புதிதாக வந்து இறங்கியவருக்கு வேலையும் அறையும் யார் மூலம் கிடைக்கும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். பெரிய பேச்சோ பெரிய பணமோ இல்லாமல், ஒரு நாட்காட்டியை வைத்தே கலைந்து போன ஒரு மக்களைச் சேர்த்துப் பிடித்திருக்கிறார் இந்த மனிதர்.

கோயில் கட்டிய பணமும் அப்படித்தான் சேர்ந்தது. அகதிகள் ஒவ்வொரு சென்டாக, அதாவது செப்புக் காசாக, கொண்டுவந்து போட்டார்கள். 1973 டிசம்பர் 2 அன்று கோயில் நேர்ந்தளிக்கப்பட்டது. கடலோரம், அன்னையின் மேலாடை விரிந்தது போன்ற கூம்பு வடிவம், ஆறு மாகாணத்துக்கு ஆறு தூண். அடிக்கல்லில் கியூபாவின் மாகாணங்களிலிருந்து கொண்டுவந்த மண்ணும் கல்லும் சேர்ந்திருக்கிறது. பீடம் கியூபா இருக்கும் திசையைப் பார்த்தே அமைந்திருக்கிறது. பெட்டியில் வரும் மாதிரியை மேசையில் வைக்கும்போது இதைக் கவனியுங்கள். பீடத்துக்குப் பின்னால் கியூபா வருமாறு நான்காம் பலகையின் வரைபடத்தைத் திருப்பி நிறுத்தினால் கோயிலின் அர்த்தமே பிடிபட்டுவிடும். சும்மா மேசை நடுவில் வைத்தால் அது ஒரு பொம்மைக் கூம்புதான். மாதிரியின் ஆறு தூணில் ஒன்று எப்போதும் கழன்று விழுகிறது. பெவிக்காலில் ஒட்டியிருக்கிறார்கள், கடல் ஈரத்தில் அது இளகும். எம்-சீல் கொஞ்சம் பிசைந்து அடியில் வைத்தால் நிற்கும்.

எட்டாம் பலகையை எழுத்து பெரிதாக்கி ஏ3 தாளில் தனியாக அச்சிட்டு ஒட்டுங்கள். அதற்குக் கீழே நம் கணக்கைப் போடுங்கள்: நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை. எட்டு ஊர். இந்த ஊர்களின் ஆண்கள் கொச்சிப் பக்கத்துத் தோப்பும்படியிலும் முனம்பத்திலும் படகேறுகிறார்கள், வளைகுடாவில் வலை இழுக்கிறார்கள். ரோமானின் நாட்காட்டி முறை 126 ஊருக்கு நடந்தது என்றால், கொச்சிப் பக்கம் எட்டு ஊருக்கு மாதத்தில் ஒவ்வொரு மாலை என்பது நடக்காத காரியம் இல்லை. பங்குப் பேரவையில் யோசிக்கத் தகுந்த திட்டம் அந்தக் கீழ்மூலையில் கிடக்கிறது.

பத்தாம் பலகை நன்றாக வந்திருக்கிறது. 1980 ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 கியூபர்கள் படகுகளில் அமெரிக்காவில் வந்திறங்கினார்கள். அவர்களில் சிறையில் அடைக்கப்பட்டிருந்தவர்களைத் திருப்பி அனுப்ப இரு நாடுகளும் உடன்பாடு செய்தன என்ற செய்தி 1987 நவம்பர் 20-இல் வெளியானது. உடனே லூசியானாவின் ஓக்டேல் சிறையிலும், அடுத்து அட்லாண்டா சிறையிலும் கைதிகள் பிணையாளிகளைப் பிடித்துக் கலவரம் செய்தார்கள். அவர்கள் நம்பத் தயாராக இருந்த ஒரே ஆள் ரோமான். நவம்பர் 29-இல் ஓக்டேலில் பிக்கப் வண்டியில் நின்றபடி சுற்றுவேலியோரம் போய், ஸ்பானிய மொழியில் ஆயுதத்தைக் கீழே போடச் சொன்னார். போட்டார்கள். அட்லாண்டாவில் டிசம்பர் 4-இல் முடிந்தது. இந்தப் பலகையைக் குழந்தைகளுக்கு விளக்கும்போது, அவர் சொன்னதும் ஏன் கேட்டார்கள் என்ற கேள்வியை எழுப்புங்கள். பதில் எட்டாம் பலகையில் இருக்கிறது. இருபது வருடமாக ஊர் ஊராகப் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆள் அவர்.

கேரளப் பக்கப் பங்குகளுக்கு ஒரு எச்சரிக்கை. ஐந்தாம் பலகையில் சிவப்புப் பின்னணியில் ‘கம்யூனிஸ்டுகளின் கொடுமை’ என்ற தலைப்பு. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் ஞாயிறு திருப்பலிக்கு வருபவர்களில் கட்சி உறுப்பினர்கள் உண்டு, அவர்கள் நம் வீட்டுக்காரர்கள். ‘1961: காஸ்ட்ரோ அரசின் நடவடிக்கை’ என்று மாற்றினால் உண்மையும் குறையாது, வீண் சண்டையும் வராது. வயதானவர்கள் 1959 விமோசன சமரத்தை, அதாவது கேரளத்தின் கம்யூனிஸ்ட் அரசுக்கு எதிராக நடந்த போராட்டத்தை, கட்டாயம் பேசுவார்கள். ரோமான் குருவான அதே ஜூலையின் கடைசி நாளில், 31-ஆம் தேதி, இங்கே இ.எம்.எஸ். அமைச்சரவை கலைக்கப்பட்டது. இரண்டும் வேறு வேறு வரலாறு: ஒன்று தேர்தலில் வந்து மத்திய அரசால் கலைக்கப்பட்டது, மற்றது ஆயுதப் புரட்சியில் வந்து நிலைத்தது. விளக்கம் சொல்பவர் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு கண்காட்சியை விட்டு வெளியே போய்விடும்.

தேதி விஷயத்தில் பலர் இடறுகிறார்கள். அன்னையின் திருநாள் என்று செப்டம்பர் முதல் வாரத்தில் எடுக்காதீர்கள். ஆகஸ்டு 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை பாதி ஊர் வேளாங்கண்ணியில் இருக்கும். 2019 முதல் குடியேறியோர், அகதிகள் உலக நாளைப் பொதுவாகச் செப்டம்பர் கடைசி ஞாயிறில் கொண்டாடுகிறார்கள். அந்த வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள்தான் பொருத்தம். ஆனால் கச்சான் காற்று முழுக்க அடங்கியிருக்காது. ஹாலுக்கு உள்ளேதான் வைக்க வேண்டும். திறந்த முற்றத்தில் 4 அடிக்கு 3 அடிப் பலகை பாய் மாதிரி காற்றைப் பிடிக்கும், ஸ்டாண்டோடு சாயும். வழியில்லாமல் வெளியே வைத்தால் ஒவ்வொரு ஸ்டாண்டின் குறுக்குப் பைப்பிலும் பத்துக் கிலோ மணல் சாக்கு கட்டுங்கள். நேர் வெயிலில் சன்போர்டு இரண்டு மணி நேரத்தில் வில்லாக வளையும், திரும்ப நிமிராது, முன்பணத்திலிருந்து பலகைக்கு இவ்வளவு என்று பிடிப்பார்கள்.

ஹால் 40 அடிக்கு 20 அடி இருந்தால் தாராளம். பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் வரட்டும். குழந்தைகள் அதிகம் என்றால் நாலரை. வினைல் பளபளப்பு ரகம், எதிரே ஜன்னல் இருந்தால் கண்ணாடி மாதிரி மின்னி முகம்தான் தெரியும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நிறுத்துங்கள், டியூப்லைட்டை நேர் மேலே விடாமல் சற்று முன்னால் தள்ளிப் போடுங்கள். தமிழ் எழுத்து அளவு பரவாயில்லை. மலையாள வரிகள் பாதி அளவில்தான் இருக்கின்றன, இது தயாரிப்பாளர் கட்டாயம் திருத்த வேண்டிய குறை. பூவார்ப் பக்கம் வைத்தால் மலையாளம் படிக்க ஓர் இளைஞரை நிறுத்துவது நல்லது. கியூஆர் குறியீடு எட்டு இருக்கிறது, மூன்று வேலை செய்யவில்லை. பென்டிரைவ் இருப்பதால் அது பெரிய இழப்பில்லை.

இந்தப் பெட்டி இன்னும் போக வேண்டிய இடங்கள் உண்டு. குமரி மாவட்டத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் ஒன்று. புனலூர்ப் பக்கத்து ஆர்.பி.எல். ரப்பர்த் தோட்டங்கள் இன்னொன்று. 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களைக் குடியமர்த்த 1976-இல் தொடங்கிய நிறுவனம் அது. கேரள மண்ணில், தமிழ் பேசும், கடல் தாண்டி வந்த மக்கள். அங்கே கொண்டுபோனால் ஐந்தாம் பலகையைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம், எட்டாம் பலகையை நடுவில் வைக்கலாம்.

திருப்பிக் கொடுக்கும்போது பலகைகளை முகத்தோடு முகம் சேர்த்து, நடுவில் பழைய வேட்டித்துணி போட்டு அடுக்குங்கள். செய்தித்தாள் போட்டால் ஈரத்தில் மை வினைலில் ஒட்டும். விங் நட்டை ஸ்டாண்டிலேயே திருகிவிட்டுக் கட்டினால் எண்ணிக்கை குறையாது.

பெட்டியில் இல்லாத ஒன்றை நீங்களே சேர்க்க வேண்டும். கடைசிப் பலகைக்கு அப்பால் சுவரில் நான்கு சார்ட் பேப்பர் ஒட்டி, மேலே முனம்பம், தோப்பும்படி, மங்களூரு, வளைகுடா என்று தலைப்பிடுங்கள். வந்தவர்கள் தங்கள் ஆள் எங்கே இருக்கிறார் என்று ஊர்ப்பெயரும் வீட்டுப்பெயரும் மட்டும் எழுதட்டும், போன் நம்பர் வேண்டாம். ஸ்கெட்ச் பேனா நான்கு போதும், ஆணியில் நூல் போட்டுக் கட்டிவிடுங்கள். ஞாயிறு இரவு அந்தத் தாள்களைக் கழற்றிக் குப்பையில் போடாமல் பங்கு அலுவலகத்தில் கொடுங்கள். எட்டு ஊர் நாட்காட்டியை அதிலிருந்துதான் தொடங்க முடியும்.